என் கதாநாயகிக்கு வாய் திரும்பிய நாள்

இன்று முற்பகல் திருகோணமலையிலிருந்து குச்சவெளி பஸ்ஸில் ஏறி, என் நாவலின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பதிப்பகம் அனுப்பியது. நாளை அச்சுக்குப் போகிறது.

பக்கத்து இருக்கையில், சந்தையில் நண்டு விற்றுவிட்டு வீடு திரும்பும் ஓர் அக்கா. கொஞ்ச நேரமாகத் தானும் வாசித்துக்கொண்டு வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, இந்தப் பொம்பிளை எந்த ஊர்?”

“குச்சவெளிதான் அக்கா.”

“பிறகேன் புருசனிட்ட ‘என்னால் முடியாது’ எண்டு சொல்லுறா? நாங்கள் ‘ஏலாது’ எண்டெல்லோ சொல்லுவம்.”

நான் எழுதியதும் ‘ஏலாது’தான். பதிப்பாசிரியர் மாற்றியிருந்தார். புத்தகம் வந்தால் போதும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பஸ்ஸிலிருந்தே பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, ‘ஏலாது’தான் வேண்டும் என்றேன்.

“இங்க வாசகர்களுக்குப் புரியாதேம்மா” என்றார்.

“உங்கட ஊர்க் கதையளை நாங்கள் அகராதி இல்லாமல்தானே வாசிக்கிறம் சார். என்ர சொல்லுகளைத் திருப்பிப் போடுங்கோ. இல்லாட்டி இந்தப் புத்தகம் வேண்டாம்.”

“சரிம்மா, எல்லா இடத்துலயும் மாத்திடறேன். அடிக்குறிப்பாவது போடலாமா?” என்று கேட்டார்.

“அதுவும் வேண்டாம் சார்.”

நிலாவெளியில் இறங்கும்போது அக்கா கேட்டார்: “அவ புருசனை விட்டிட்டுப் போறாவோ?”

நீங்களே வாசித்துப் பாருங்கள் என்று அந்த அத்தியாயத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் எழுத்தில் யாரோ ‘திருத்திய’ சொல் எது? கீழே எழுதுங்கள். இன்னும் பேசாமல் இருக்கிறவர்கள் ஒருமுறை குச்சவெளி பஸ்ஸில் வரலாம்.