நாற்பது குழியிலும் ஒரே மஞ்சள்

இடது கை கல்வத்தைப் பிடித்திருக்க, வலது கை காய்ந்த மான் புழுக்கையை நொறுக்கிக்கொண்டிருந்தது. நொறுங்கியதைச் சல்லடையில் தட்டியதும் நாரும் விதையும் மேலே நின்றன, பொடி கீழே இறங்கியது. பொடியைச் சின்னத் தராசில் நிறுத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, குப்பியில் எண் ஒட்டின அந்தக் கைகள்.

கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள். இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். ஆய்வகத்தில் அவளுக்குப் புழுக்கை அக்கா என்றே பெயர்.

"கை கழுவிட்டுத்தானே வீட்டுல சமைக்கிறீங்க?" என்று பக்கத்து அறை எழுத்தர் சீண்டுவார்.

"நேத்து என் டப்பாவைக் காலி பண்ணினீங்களே, அப்பக் கேட்டிருக்கலாம்" என்பாள்.

பயந்த விலங்கின் உடம்பில் ஒரு சுரப்பு ஏறும். அதன் மிச்சம் புழுக்கையில் வந்துவிடும். ஒரு நாள் பயம் ஓடித் தப்பிக்க உதவும். மாதக்கணக்கில் இறங்காமல் நின்றாலோ நோய் தாங்காது, வயிற்றில் குட்டி தங்காது. கூட்டம் அழியப் போகிறது என்பதைத் தலைகளை எண்ணித் தெரிந்துகொள்வதற்கு முன்பே புழுக்கை சொல்லிவிடும்.

மேட்டுக்காட்டில் குவாரி வெடி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. அங்குள்ள மான்கள் அதைத் தாங்குகின்றனவா என்று வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்டிருந்தார்கள். தாங்குகின்றன என்றால் குவாரி இன்னும் மேலே ஏறும்.

சோதனைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் சுரப்பு குறைவாக இருந்தால் மஞ்சள் அடர்ந்து நிற்கும், கூடினால் வெளிறும். திங்கட்கிழமை நாற்பது புழுக்கையும் அடர் மஞ்சளாக நின்றன. அதுவும் ஒரே மஞ்சள், ஒரே அச்சில் வார்த்ததுபோல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே பயம் ஒரே அளவாக இருப்பதில்லை. தன் கைதான் தவறியிருக்கும் என்று மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் அதே மஞ்சள். பிறகுதான் சல்லடையில் நின்ற கசடை லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

நாற்பதிலும் தக்காளி விதை.

பொறுக்கிக் கொடுத்தவன் அவளுடைய தம்பி, அந்தக் காட்டின் காவலாளி. சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் காலை நீட்டி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"மேட்டுல தக்காளித் தோட்டம் போட்டிருக்காங்களாடா?"

"என்னக்கா, வந்ததும் வராததுமா..."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "தக்காளியா? காவல் குடிசைக்கு ஒரு மான் வருதே அண்ணி, மிச்சம் மீதி எல்லாம் அதுக்குத்தான். எனக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "முட்டி மடங்க மாட்டேங்குதுக்கா. மேடு ஏற முடியல, குடிசையைச் சுத்தியே பொறுக்கிட்டேன். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பன்னண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வேலையை நிரந்தரமாக்குறோம்னு சொல்லியிருக்காங்க." முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்களே..."

"அது ஒரே பானைக்குடா. இங்க ஒவ்வொரு மானும் ஒரு பானை. உன் கையால தின்னுட்டுப் படுத்துக் கிடக்குறதுக்கு என்ன கவலை? வெடிச் சத்தத்துல நிக்குறதுங்களுக்கும் அதுதான் சாட்சியா?"

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியோடு விடியும்போதே கிளம்பினாள். தம்பி கம்பை ஊன்றிப் பாதிவரை வந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து வழி காட்டினான். மேலே அவன் சொன்ன புல்வெளிகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடியும் பதினோரு இடத்தில்தான் புதுப் புழுக்கை கிடைத்தது. தூரத்தில் கூட்டத்தையும் பார்த்தாள். குட்டி போடும் பருவம். ஒரு குட்டிகூட இல்லை. அந்நேரம் வெடி போட்டார்கள். அவள் காலடியில் மண் அதிர்ந்தது.

வியாழக்கிழமை பதினொன்றும் தண்ணீராக வெளிறிக் கிடந்தன.

கெட்டுப்போன சோதனைத் தாளை அவள் கிழித்ததே இல்லை. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதுவாள். பேனாவை எடுத்தபோது தம்பி போனில் வந்தான்.

"அக்கா, மாதிரி கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிடேன். யாருக்கு நஷ்டம்?"

"புழுக்கை கெடலடா."

"அப்ப நான் கெட்டவனா?"

கேட்டுவிட்டு அவனே போனை வைத்தான். 'நாற்பதும் ஒரே மானுடையவை. சேகரித்தவர் மேட்டுக்குச் செல்லவில்லை' என்று எழுதினாள். சேகரித்தவர் என்ற கட்டத்தில் அவன் பெயர் ஏற்கெனவே அவன் கையெழுத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத்தின் தலைவியான டாக்டரம்மா இரண்டு தாளையும் நின்றபடியே படித்தார்.

"இது உங்க தம்பிதானே?"

"ஆமாம்மா."

"இந்தப் பழைய தாளை எடுத்துடுங்களேன். பதினொன்னே போதும், அறிக்கை நிக்கும்."

"நாற்பது கொண்டுவந்தது பதிவேட்டுல இருக்கும்மா. எங்க போச்சுன்னு குவாரிக்காரங்க கேப்பாங்க. ஒளிச்சோம்னு தெரிஞ்சா இந்தப் பதினொன்னையும் யாரும் நம்ப மாட்டாங்க."

டாக்டரம்மா தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். அவள் விளிம்பு பிசகாமல் தட்டி அடுக்கினாள். புதிய தாள் மேலே, அடித்த தாள் கீழே. கிளிப்பை மாட்டி, தாள்களை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.