மூடியைத் திறந்து வைத்தால் போதும்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். நான் சண்டைக்கு வரப்போவதில்லை. இலுப்பூரில் ஃபிரெடி இன்னும் கடை வைத்திருக்கிறான். மழை அடித்தாலும் ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டுத்தான் உள்ளே உட்காருகிறான். ஏன் என்று கேட்டால் காற்று வேண்டும் என்பான். காற்றாவது ஒன்றாவது! காரணம் எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே அவன் சொன்னது இது.

ஃபிரெடி லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவன். வேலையில் கெட்டி. ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. லினக்ஸ் கிறுக்கு. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமே, அந்த சிஸ்டம்தான். ஒரு பட்டன் கழன்றுவிட்டது என்று யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்தால்கூட, பட்டனையும் மாட்டி, உள்ளே இருப்பதை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸையும் ஏற்றித்தான் கொடுப்பான். வாத்தியார் ஒருவர் கத்திவிட்டுப் போனார். அரிசி மண்டிக்காரர் இன்னும் இவனோடு பேசுவதில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று அவன் மனைவி ஸ்வீட்டி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவனா கேட்பான்? தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இதில் யூடியூப் சேனல் வேறு.

அக்டோபர் கடைசியில் ஆவூரிலிருந்து ஆரோக்கியம்மாள் வந்தார். வயது அறுபதுக்கு மேல். மஞ்சப்பைக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு லேப்டாப். அதைப் பார்த்ததும் ஃபிரெடிக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. முழுக்க உலோக உடம்பு. முப்பத்திரண்டு ஜிபி மெமரி. இலுப்பூர் பக்கம் அப்படி ஒரு மெஷின் வந்ததே இல்லை.

"எம்மகன் சேசுராஜோடது தம்பி. துபாய்ல இருந்தப்ப வாங்குனான். ஈஸ்டருக்கு முன்னாடி பைக்ல போயி..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "விசிறி ரொம்பச் சத்தம் போடுது. உள்ள இருக்கிறது எனக்குக் கேக்க மாட்டேங்குது. அத மட்டும் பாரு. கல்லறைத் திருநாளன்னைக்கிச் சாயந்தரம் எனக்கு வேணும்" என்றார்.

"ஃபேன்ல தூசி அடஞ்சிருக்கும்மா. சுத்தம் பண்ணிட்டாப் போச்சு" என்றான் ஃபிரெடி.

உள்ளே இருப்பது என்ன என்று அவன் கேட்கவில்லை.

அன்று மாலையே மெஷினைப் போட்டுப் பார்த்தான். அதில் ஏற்கெனவே லினக்ஸ்தான் இருந்தது. ஆனால் இவனுக்குப் பிடிக்காத வேறு வகை. பாஸ்வேர்டு கேட்டது. டிஸ்க் முழுக்கப் பூட்டு. சரி, பையன் போய்விட்டான், அந்தம்மாவுக்குப் பாஸ்வேர்டு எங்கே தெரியப்போகிறது, பூட்டிக் கிடக்கிற பெட்டி இருந்தென்ன போயென்ன என்று தானாகவே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நம்பர் பையிலேயே ஒட்டியிருந்தது. அவன் மனசில் இருந்ததெல்லாம், இப்படி ஒரு மெஷினில் தன்னுடைய லினக்ஸ் எப்படிப் பறக்கும் என்பதுதான்.

பென்டிரைவைச் செருகினான். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரையே கேட்டது. அழி என்றான். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பயனர் பெயர் ஃபிரெடி, பாஸ்வேர்டும் அவனுடையதே. வீடியோ எடுத்துச் சேனலில் போட்டான். லைக் குவிந்தது. அன்றைக்கு அவன் காலே தரையில் படவில்லை.

விசிறி வேலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான்.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். ஸ்வீட்டி பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே ஆவூருக்குப் போய்விட்டாள். இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று ஃபிரெடி கடைக்கு வந்தான். மதியம். மழைத் தூறல். பராமரிப்பு என்று சொல்லிக் கரண்டையும் நிறுத்தியிருந்தார்கள். சாரல் அடிக்காமல் இருக்க ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தான்.

லேப்டாப்பைக் கவிழ்த்தான். திருகாணிகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தான். முதல் வேலையாக பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். இதை அவன் என்னிடம் பல தடவை சொன்னான். "பேட்டரியத்தான் மொதல்ல எடுத்தேன், சத்தியமா எடுத்தேன்" என்று. பிறகு விசிறியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். சிப்பின் சூட்டை இறக்குவதற்காக அதன் மேல் வைத்து, காய்ந்து கிடந்த பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். புதுப் பேஸ்ட் வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ர்ர்ர்ர்...

விசிறி ஓடும் சத்தம். ஃபிரெடி அண்ணாந்து பார்த்தான். கரண்ட் இல்லை, கடை ஃபேன் நின்றுதான் கிடந்தது. பக்கத்துக் கடையிலும் சத்தமில்லை. தெருவில் மழை மட்டும்தான்.

சத்தம் லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது. விசிறியோ மேசைமேல், அவன் கைக்குப் பக்கத்தில், அசையாமல் கிடந்தது.

காதுக்குள் ஏதோ இரைகிறது என்று நினைத்தான். மழையைத் திட்டினான். நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விசிறியை எடுத்து அதன் இடத்தில் மாட்டித் திருகினான். சத்தம் நின்றது. அப்பாடா என்று லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தான். பேட்டரி ஒயரை இன்னும் மாட்டவில்லை. திரை சரியாக நிற்கிறதா என்று பார்க்க மூடியை மட்டும் திறந்தான்.

திரையில் வெளிச்சம் வந்தது.

பேட்டரி இல்லை. கரண்ட் இல்லை. சார்ஜர் பைக்குள் கிடந்தது. ஆனாலும் வெளிச்சம் வந்தது.

அவன் போட்டுவைத்த திரைதான். நடுவில் அவன் பெயர். கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம்.

கட்டத்துக்குள் ஒரு கருப்புப் புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

இன்னொன்று...

ஃபிரெடியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கீபோர்டில் ஒரு பட்டனும் அமுங்கவில்லை. புள்ளிகள் மட்டும், நிதானமாக, பழகிய கை தட்டுவதுபோல வந்துகொண்டிருந்தன. வரிசை நின்றது. கட்டம் ஒரு தடவை குலுங்கியது.

பாஸ்வேர்டு தவறு.

மறுபடியும் புள்ளிகள். அதே நிதானம். அதே நீளம்.

பாஸ்வேர்டு தவறு.

எழுந்து ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஓடவில்லை. தன் வீட்டுக்கே வந்து, தன் சாவியைப் போட்டு, கதவு திறக்காமல் ஒருவன் நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருந்தது. பூட்டை மாற்றியவன் இவன்தான்.

மறுபடியும் புள்ளிகள்... இப்போது வேகமாக.

தவறு.

இன்னும் வேகமாக...

தவறு.

கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் புள்ளிக்குப் பதில் எழுத்தே தெரியும். ஏன் அமுக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்துதான். ஆனால் தமிழ்.

ஆத்தா...

பாட்டு...

கேளு.

ஆத்தா பாட்டு கேளு.

தவறு.

திரை அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கடை லைட்டுகள் எரிந்தன, ஃபேன் சுற்றியது. ஃபிரெடிக்கு வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்து அவன் செய்ததை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்று விடாமல் ஓட்டினான். பூட்டிய டிஸ்க். மேலே புதிதாக எழுதியும் ஆகிவிட்டது. ஒரு பாட்டு, ஒரு துண்டுப் பாட்டு, எதுவும் வரவில்லை. டிஸ்க்கை மறுபடி மாட்டி, பேட்டரியையும் இணைத்து, அடிமூடியைத் திருகி முடித்தபோது வாசலில் ஆரோக்கியம்மாள் நின்றிருந்தார்.

குனிந்து ஷட்டருக்குள் வந்தார். கல்லறையிலிருந்து நேராக வந்திருக்கிறார். சேலை ஓரமெல்லாம் செம்மண்.

"ஆச்சா தம்பி?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தானாம். வந்தது வேறு.

"விசிறி சரியாயிருச்சும்மா. ஆனா டிஸ்க்கு போயிருச்சு. நான் பாக்குறப்பவே போயிருந்துச்சு. உள்ள இருந்தது எதுவும் இல்ல."

ஆரோக்கியம்மாள் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "பாட்டெல்லாமா?" என்றார்.

"என்ன பாட்டும்மா?" என்றான்.

"கோயில்ல பாடுவான்ல. எனக்குன்னு வீட்ல பாடிப் பாடி அதுல வச்சிருந்தான். சரி விடு. நீ என்ன செய்வ. பொருள்னா கெடத்தான் செய்யும். மழைல ஒக்காந்து பாத்துருக்க, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. சாப்பிட்டியா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான் ஃபிரெடி. அவர் சாப்பிட்டியா என்று கேட்டதும் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்ததாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அம்மா... இதுல பாஸ்வேர்டு இருந்துச்சே. ஒங்களுக்குத் தெரியுமா? யாரு போட்டுத் தொறப்பா?"

"அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்? மூடியத் தொறந்து வச்சாப் போதும். செபமால சொல்லி முடிக்கிற நேரத்துக்குக் கருப்புப் புள்ளியா வரும். அப்புறம் அதுவே தொறந்துக்கிட்டுப் பாட ஆரம்பிச்சிரும்."

"யாருமே தொடாமயா?"

"வீட்ல நான் ஒருத்திதானப்பா. அவன் அடக்கம் முடிஞ்ச அன்னையிலருந்து தெனமும் இப்பிடித்தான். அந்த மிசினு அப்பிடித்தானே?" என்று அவனையே கேட்டார்.

ஃபிரெடி ஆமாம் என்று தலையாட்டினான்.

ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னான். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஃபிரெடி என்ற பெயரை எடுத்துவிட்டுச் சேசுராஜ் என்று போட்டான். பாஸ்வேர்டை மாற்றினான். ஆத்தா பாட்டு கேளு. அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவர் கொடுத்த காசை வாங்கவில்லை. நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை அழித்தான். ஸ்வீட்டியிடம் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் புள்ளிகள் வந்தன.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஆரோக்கியம்மாள்.

"தம்பி, நல்லாத் தொறக்குது. நேத்து செபமால முடிக்கிறதுக்குள்ள தொறந்துக்கிருச்சு. விசிறிச் சத்தம் துளிகூட இல்ல."

"சரிங்கம்மா."

"பாட்டுத்தான் வரல. அது இல்லன்னு நீதான் சொன்னியே. ஆனா அந்த அம்புக்குறி இருக்குல்ல, அது மட்டும் நிக்க மாட்டேங்குது தம்பி. அங்கிட்டுப் போகுது, இங்கிட்டு வருது. ஒண்ணத் தொறக்குது, மூடுது, அடுத்தத் தொறக்குது. விடிய விடிய இப்பிடியே. இப்பவும் போய்க்கிட்டே இருக்கு."

"விடிய விடியவா?" என்று கேட்டான்.

"எதையோ தேடுற மாதிரி இருக்குப்பா. என்ன தேடுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றான் ஃபிரெடி.