மூன்று வருடம் அழிந்து கிடந்த சாலை

மேப் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கணினி தானாகவே சாலைகளை வரையும்; அது தப்பாக வரைந்ததை அழிப்பது அவள் வேலை. கணினி உழைப்பாளிதான், ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் சாலை என்று சாதிக்கும். ஒன்பது வருடத்தில் ஒரு நல்ல சாலையைக்கூட அவள் அழித்ததில்லை என்று மேலாளர் புதிதாகச் சேருபவர்களிடம் பெருமையடிப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கணினிக்கு இரண்டு விதமான படங்கள் வரும். வண்ணப் படம் நாம் கண்ணால் பார்ப்பது போலவே இருக்கும். மேகம் வந்தால் போச்சு. ரேடார் படத்துக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அதில் தார்ச்சாலையும் கறுப்பு, வாய்க்கால் தண்ணீரும் கறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

அவள் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மலையடிக் குடியிருப்புக்குப் போய்வந்த நாளெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புலம்பல்தான்.

“குறுக்குவழி ஒண்ணு இருக்காம். மேப்புல காட்டவே மாட்டேங்குது. மேப்புல இல்லாத வழியில போகக்கூடாதுன்னு ரூல் வேற. எந்தப் புண்ணியவான் வரைஞ்சானோ!”

“அது வாய்க்காலா இருக்கும். சாப்பிடுங்க, ஆறுது,” என்பாள் அவள். மூன்று வருடமாக இதே கதை.

போன செவ்வாய்க்கிழமை புது மென்பொருள் வந்தது. ஒரு வருடத்து வண்ணப் படங்களில் மேகம் விலகிய துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டி, ரேடார் படத்தோடு பொருத்திப் பார்ப்பது அதன் சாமர்த்தியம். அது மலையடியில் ஒரு கோடு போட்டது. அழகான தார்ச்சாலை, அதன்மேல் இரண்டு லாரிகள்கூடத் தெரிந்தன. பழைய பதிவைத் திறந்தாள். ‘வாய்க்கால். நீக்கப்பட்டது.’ கீழே அவளுடைய பணியாளர் எண்.

கணவர் சொன்ன குறுக்குவழி இதுதான். இன்னொரு முறை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்பது வருடப் பெயர் பிழைத்துக்கொள்ளும். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கணவரின் புலம்பல் காதில் ஒலித்தது. எழுந்து மேலாளரிடம் போனாள்.

“சார், இந்த ரோட்ட அழிச்சது நான்தான். மேகத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாமலே வாய்க்கால்னு முடிவு பண்ணிட்டேன்.”

“அப்போ புதுசா வர்றவங்ககிட்ட இனிமே நான் என்னத்தச் சொல்ல?”

“இதையே சொல்லுங்க சார்.”

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“மூணு வருஷமா நீங்க திட்டின ஆளு நான்தாங்க.”

அவருக்குப் புரையேறிவிட்டது. “சாப்பாட்டையும் போட்டுட்டு, எதிர்லயே உக்காந்து கேட்டுட்டு வேற இருந்தியா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. “இருபது நிமிஷம் சுத்திப் போவேன்மா,” என்றார் மெதுவாக. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான்கு நாள் கழித்து, சாலை மேப்பில் ஏறியிருந்த ஒரு மத்தியானம் அவரே போன் செய்தார்.

“இன்னிக்குப் பத்தே நிமிஷம்! எப்படி இவ்ளோ சீக்கிரம் வந்தீங்கன்னு அங்க ஒரு அம்மா கேட்டாங்க. என் வீட்டுக்காரி போட்டுக்குடுத்த ரோடுன்னு சொன்னேன்.”

“போட்டது கம்ப்யூட்டருங்க. நான் அழிச்சேன், அவ்வளவுதான்.”

“அதையெல்லாம் வெளியில சொல்லுவாங்களா?”

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் அடுத்த கோடு காத்திருந்தது; அதன்மேல் ஒரு மேகம். பழக்கத்தில் கை அழிக்கும் பொத்தானுக்குப் போனது. கையை எடுத்துக்கொண்டு, வேறொரு நாளின் படத்தைத் தேட ஆரம்பித்தாள்.