கணினியில் கழற்றிய கூரை

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அந்தத் திட்டத்தைப் 'பிம்' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. தமிழில் வந்த சுற்றறிக்கையில் 'கட்டடத் தகவல் மாதிரி' என்று இருந்தது. ஒரு கட்டடத்தின் சுவர், கதவு, குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் அளந்து, கணினிக்குள் அதேபோல் இன்னொரு கட்டடத்தை எழுப்புவது. எது பழுதாகும், எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை அதன்பிறகு கணினியே சொல்லும். அரசாங்கக் கட்டடங்களை இனி இப்படித்தான் பராமரிக்கப் போகிறோம் என்றார்கள்.

சோதனைக்கு மாவட்டத்தில் ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. டயகம போகும் பாதையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்து நடுவில் சின்ன வைத்தியசாலை ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அது என்று எங்கள் பொறியியலாளரிடம் கேட்டேன். "சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார் சிங்களத்தில். நான் அப்போது நுவரெலியாவில் அவருக்குக் கீழே படவரைஞராக இருந்தேன். வட்டகொடைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அங்கே இருப்பவர்களோடு தமிழில் பேச ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னையும் அனுப்பினார்கள்.

கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்கள் முக்காலிமேல் ஒரு கருவியை வைத்தார்கள். அது சுழன்று சுழன்று ஒளி பாய்ச்சிக் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தது. அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. கருவி பனியையும் அளந்துவிட்டது. திரையில் முற்றத்தின் நடுவே வெள்ளையாக ஏதோ நிற்க, அது மதிலா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். இல்லை, மேகம் என்றேன்.

மத்தியானம் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். சிங்களத்தில் 'பிம' என்றால் நிலம். முக்காலியும் வைத்து, வாய்க்கு வாய் 'பிம்' என்றும் பேசினால் யாருக்கும் வேறென்ன தோன்றும்?

"நெலம் அளந்து குடுக்க வந்திருக்காங்களாமே மிஸ்? எங்க லயத்துப் பக்கம் எப்ப வருவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

நிலம் இல்லை, வைத்தியசாலையை மட்டும்தான் அளக்கிறோம், அதுவும் கம்பியூட்டருக்குள் வைப்பதற்காக என்று விளக்கினேன். அவர் வேலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப அங்கயாச்சும் எங்களுக்கு ஒரு எடம் போட்டு வைங்க மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா இருக்கும் லயக் காம்பிராவும் யாருடைய நிலத்திலோதான் நிற்கிறது என்பது வேன் மலையிறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

சில மாதத்தில் மாதிரி தயாரானது. பொறுப்பு வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவருக்குக் காட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். திரையில் கட்டடம் பளபளத்தது. வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"நல்ல வடிவா இருக்குது பிள்ளை. ஆனா இது என்ர ஆஸ்பத்திரி இல்லையே."

பக்கத்தில் நின்ற சிற்றூழியர் அக்காதான் பதில் சொன்னார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்த வைத்தியசாலையிலேயே வேலைக்கு வந்தவர். "மாதிரின்னுதானே சார் போட்டிருக்காங்க. ஆஸ்பத்திரின்னு சொல்லல. ஆஸ்பத்திரி மாதிரி."

விஷயம் கூரையில் இருந்தது. நிஜக் கூரை வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், துரு ஏறி, தார் பூசி, தார்மேல் மறுபடி தார் பூசியது. ஆலோசகர்களின் மென்பொருள் பட்டியலில் அப்படி ஒரு கூரை வகையே இல்லை. அதனால் உள்ளதில் கிட்டத்தட்டப் பொருந்தும் புதுத் தகட்டைப் போட்டுவிட்டார்கள். ஒழுகும் இடங்களில் அக்கா வைத்திருந்த வாளிகளைக் கருவி ஒன்று விடாமல் அளந்திருந்தது. அவை 'நிலையான உபகரணம்' என்று பதிவாகியிருந்தன.

மழைக்காலம் தொடங்கியதும் வைத்தியர் தொலைபேசியில் பிடித்தார்.

"பிள்ளை, கூரையைத் திருத்தச் சொல்லிக் கேட்டால், கூரை நல்ல நிலையில இருக்குது, இன்னும் இருபது வருசத்துக்குத் தொடத் தேவையில்லை எண்டு உங்கட கொம்பியூட்டர் சொல்லுது. நான் இப்ப பொம்பிளையளின்ர வாட்டுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு நிண்டு கதைக்கிறன்."

"கடிதம் எழுதிப் பார்த்தீங்களா டொக்டர்?"

"இனிக் கடிதம் ஏற்கிறேல்லையாம், எல்லாம் அதுக்குள்ளாலதான் வரவேணுமாம். ஆனா ஒண்டு சொல்லவேணும். வாளியளின்ர ஆயுள் முடிஞ்சுதெண்டு அதுவாவே கண்டுபிடிச்சுப் புது வாளி அனுப்பியிருக்குது. நல்ல வாளி. மூடியும் இருக்குது."

மூடி எதற்கென்று இருவருக்கும் விளங்கவில்லை.

பொறியியலாளரிடம் போனேன். கூரை வகையை மாற்ற ஆலோசகர்களின் அனுமதி வேண்டும், அவர்களுடைய ஒப்பந்தமோ முடிந்துவிட்டது என்றார். எட்டி ஜன்னலைச் சாத்தினார். வெளியே மழை.

"மிஸ், மாற்றத்தான் நமக்கு உரிமை இல்லை. இடிந்து விழுந்த ஒன்றை நீக்க உரிமை இருக்கிறதா?"

"இருக்கிறது சார்."

"நல்லது. நான் பிளேன்டீ குடிக்கப் போகிறேன்" என்று எழுந்து போனார். வழக்கமாக அவருக்குத் தேநீர் மேசைக்கே வரும்.

திரையில் கூரையைத் தொட்டேன். அது நீலமாக மின்னியது. உறுதியாகவா என்று கணினி கேட்டது. உறுதி என்றேன். சட்டென்று வைத்தியசாலை திறந்துகொண்டது. மேலிருந்து பார்க்க, கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆட்கள் யாரும் இல்லாத வெறும் கட்டில்கள்தான். ஆனாலும் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தேன். யாரோ நனைந்துவிடுவார்கள் போல ஒரு பயம்.

மறுநாள் கொழும்பு அதிர்ந்தது. திரையில் எங்கள் மாவட்டம் சிவப்பாக எரிந்ததாம். கூரையே இல்லாமல் ஓர் அரசாங்க வைத்தியசாலை இயங்குகிறதா என்று மேலே இருந்தவர்கள் பொறியியலாளரைக் கேட்டார்கள். "ஆமாம் சார், நோயாளர்கள் நனைகிறார்கள்" என்றார் அவர். அதில் பொய்யில்லை. ஒழுகலைத் திருத்தக் காசு இல்லாமலிருந்த இடத்தில் அனர்த்தத்துக்குக் காசு இருந்தது. ஹட்டனிலிருந்து ஒப்பந்தக்காரர் வந்து, பழைய தகரத்தைக் கழற்றிப் புதுக் கூரை போட்டு, மழைநீர் வடியப் பீலியும் மாட்டிவிட்டுப் போனார். அந்த மழைக்காலம் முடியும் முன்பே பெண்கள் வாட்டு காய்ந்துவிட்டது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், சுத்தம் பண்ற ரெண்டு பிள்ளைங்களையும் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. அதுக்குப் பதிலா புல்லு வெட்ட ஒருத்தர அனுப்பியிருக்காங்க. மெசினோட வந்து வாட்டுல நிக்கிறாரு."

எனக்கு விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. கூரை இல்லாவிட்டால் கணினிக்கு அது அறை இல்லை, திறந்தவெளி. திறந்தவெளிக்குத் துடைப்பதற்கு ஆள் எதற்கு? புல் வெட்டத்தானே ஆள் வேண்டும்? நிஜக் கட்டடத்தில் புதுக் கூரை இருந்தது. மாதிரியில் ஒரு கூரையும் இல்லை. போட்டுவிடலாம் என்றால், புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் ஆலோசகர்கள்தான் வேண்டும்.

புல்வெட்டும் அண்ணன் நல்ல மனிதர். அவர் முதல்நாள் வாட்டு வாசலில் நின்று, "புல்லு எங்கங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "கட்டிலுக்கு அடியில பாருங்க" என்றிருக்கிறார் அக்கா. அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தாராம். தூசி இருந்திருக்கிறது. துடைப்பத்தை வாங்கிக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து கூட்டுவது, துடைப்பது, மருந்து நீர் தெளிப்பது எல்லாம் அவர் வேலையாகிவிட்டது. மாலையில் கையொப்பமிடும்போது மட்டும் 'புல் வெட்டப்பட்டது' என்று எழுதுவார். பிரசவத்துக்கு வந்த பெண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு, அவர் வாட்டுக்குள் வரும்முன் வாசலில் நின்று பெரிதாக இருமுவதைப் பழக்கமாக்கிக்கொண்டார்.

இதற்கிடையில் கொழும்பில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. எங்கள் வைத்தியசாலையை வெற்றிக்கு உதாரணமாகக் காட்டினார்கள். கூரை இல்லாததைக் கணினி ஒரே நாளில் கண்டுபிடித்ததாம். மனிதர்களிடம் விட்டிருந்தால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரிந்தே இருக்காதாம். பொறியியலாளரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த வெற்றியினாலேயே இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கிடைத்து, ஆலோசகர்கள் திரும்ப வந்தார்கள். மாதிரியில் கூரை ஏறியது. உடனே எல்லாம் நேராகிவிட்டது. துப்புரவுக்குப் பெண்கள் வந்தார்கள், அண்ணனுக்கு வலப்பனைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றம் வந்தது.

பிரியாவிடைக்கு அக்கா என்னையும் அழைத்தார். வாட்டு வாசலில் தேநீர், வடை, வாழைப்பழம். இத்தனை சுத்தமாக வாட்டு ஒருநாளும் இருந்ததில்லை என்று வைத்தியர் பேசினார். பிறகு அண்ணனையும் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"போற எடத்துல நெசமாவே புல்லு இருக்காம். பெரிய கிரவுண்டாம். மெசின் ஓட்டி ரொம்ப நாளாச்சுங்க. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."