எல்சியின் தூக்கம்

சகாயராஜுக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் பாஸ்போர்ட் வந்தது. அந்த வீட்டுக்கு அது புதுப்பொருள் அல்ல. மனைவி எல்சி இரண்டு பாஸ்போர்ட்டுகளைப் பக்கம் தீர்த்துவிட்டு மூன்றாவதை வைத்திருந்தாள். மகன் ரெமிஜியஸ் மாட்ரிட்டில் வேலையில் இருந்தான். திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, குடமுருட்டிக் கரையோரம் பத்து மா நிலத்தையும் ஓட்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு நின்றவர் சகாயராஜ் ஒருவர்தான்.

சுற்றுவட்டார ஆண்களெல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீட்டிலிருந்து கிளம்பியது எல்சி. நடவுக் கூலிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, தாயோடு வயலில் நின்று வளர்ந்து, கன்னியாஸ்திரீகள் தயவில் நர்ஸிங் படித்தவள். தொண்ணூற்றைந்தில் குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தபோது ரெமிஜியஸ் ஒன்றாம் வகுப்பு. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனாள். கடனை அடைக்க, வீட்டைக் கட்ட, பையனைப் படிக்கவைக்க என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. பையனுக்குத் தலைவாரி விட்டதும், மீன் குழம்பு வைக்கப் பழகியதும், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்ப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்ததும் சகாயராஜ். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. ஊரார் கிண்டல் செய்தால் தானும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

எல்சி ஒருவழியாகத் திரும்பி வந்தபோது அவளோடு தூக்கம் வரவில்லை. நைட் டூட்டி பார்த்த உடம்பு, கொஞ்ச நாளில் சரியாகும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஒரு வருஷம் போய் இரண்டாவதும் பிறந்தது. இரவு முழுக்கக் கண் திறந்தபடி படுத்திருப்பாள். வெளியே நாய் குரைத்தால் எழுந்து உட்காருவாள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர், திருச்சியில் ஒரு டாக்டர், எல்லாப் பரிசோதனைகளும் சுத்தமாக வந்தன. தூக்க மாத்திரைகளைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும். அளவைக் கூட்ட மறுத்துவிட்டாள். பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். கும்பகோணத்தில் ஒரு சித்த வைத்தியரின் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்தான் கூடியது.

ரெமிஜியஸ் கட்டியிருந்த பெண் பெரு நாட்டுக்காரி, மரிசோல். மாமியாரின் முகத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்து, அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். அவளுடைய தாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் எவுலோகியோ, அமேசான் காட்டோரத்தில் பச்சிலை வைத்தியம் செய்கிறவர். அவரிடம் போய்த் தங்கி, பத்தியம் இருந்து, வேரும் பட்டையும் குடித்துத் தேறி வருவதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருவார்களாம்.

எல்சிக்குச் சிரிப்புதான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆயுசைக் கழித்தவள், கஷாயம் குடிக்க உலகத்தின் அந்தக் கோடிக்குப் போவதா என்றாள். சகாயராஜ் வேறு பக்கமாக வந்தார். கல்யாணம் மாட்ரிட்டில் நடந்ததால் சம்பந்தி வீட்டை இன்னும் பார்க்கவில்லையே, அதற்காகவாவது போகலாம் என்றார். அதற்கு எல்சி சம்மதித்தாள்.

விமானத்தில் அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டது எல்சி. சாப்பாட்டுத் தட்டின் மூடியைப் பிரித்துக் கொடுத்து, காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லி, கழிவறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டிக் கொடுத்தாள். இத்தனையும் அவள் தனியாகத் தெரிந்துகொண்டது என்ற நினைப்பு சகாயராஜுக்கு அப்போதுதான் வந்தது.

மாட்ரிட்டில் மகனைப் பார்த்துவிட்டு, மரிசோல் துணையோடு லிமா போய்ச் சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து சின்ன விமானத்தில் தாரப்போத்தோவில் இறங்கினார்கள். பிறகு மலைச்சாலையில் கார். வளைவுகள் முடிந்து மாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கு திறந்தபோது சகாயராஜ் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல். வரப்பு, வாய்க்கால், மடை, வரப்பில் கொக்கு. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கதிரை உருவிப் பல்லில் கடித்துப் பார்த்தார். இன்னும் பால் முற்றவில்லை என்று எல்சியிடம் வந்து சொன்னார்.

எவுலோகியோ குள்ளமான மனிதர், ரப்பர் பூட்ஸும் கசங்கிய தொப்பியும். முற்றத்தில் மாதா படம், அதன் முன்னால் மெழுகுவத்தி. சகாயராஜ் கையைக் கூப்பி "சம்பந்தி" என்றார். அதுதான் தன்னைக் கூப்பிடும் பெயர் என்று எடுத்துக்கொண்ட எவுலோகியோ, திருப்பி அவரையும் "சம்பந்தி" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

மருந்து பற்றிய பேச்சு நேராகவே நடந்தது. மரிசோல் இங்கிலீஷில் சொல்ல, எல்சி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மயக்கம் தந்து தோற்றங்கள் காட்டும் கொடிக் கஷாயம் ஒன்று உண்டு. தனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது, அதைத் தொடமாட்டேன் என்று எல்சி சொல்லிவிட்டாள். எவுலோகியோ வற்புறுத்தவில்லை. மாத்திரையை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இவளுக்கு இலைக் குளியலும் ஒரு பட்டைத் தண்ணீரும் பத்தியமும் போதும் என்றார்.

பத்தியம்தான் கடுமையாக இருந்தது. உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, எண்ணெய் கிடையாது. அவித்த வாழைக்காய், வெறும் சோறு, எப்போதாவது சுட்ட மீன். சோப்பு போடக்கூடாது. யாரோடும் பேசக்கூடாது, புருஷனானாலும். காட்டுச் சரிவில் மரக்கால்கள் மேல் நின்ற ஒரு குடிசை எல்சிக்கு. சகாயராஜுக்குக் கீழே எவுலோகியோவின் வீட்டில் ஒரு அறை.

காலையில் எவுலோகியோ போய் மருந்து கொடுப்பார். புகையிலைப் புகையை அவள் தலையில் ஊதி, மெல்லிய குரலில் எதையோ பாடிவிட்டு வருவார். எல்சி கசப்புத் தாங்காமல் வாந்தி எடுத்தாள், இளைத்தாள். தூக்கம் மட்டும் வந்தபாடில்லை. ஒரு நாள் மரிசோல் தயங்கித் தயங்கி, எல்சி தமிழில் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஊருக்குப் போகலாம் என்றிருந்தது. சகாயராஜ் சோற்றுத் தட்டை ஒதுக்கிவைத்தார். இழுத்துக்கொண்டு வந்தவர் தான்தானே.

அவருக்கு வேறு ஒரு பாரமும் சேர்ந்திருந்தது. வயலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த அரசப்பன் அன்றுதான் போன் செய்து, போர்வெல் மோட்டார் எரிந்துபோனதையும், ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டதால் குறுவை ஒரு பக்கம் காய்ந்துவிட்டதையும் சொல்லியிருந்தார். எல்சிக்கு இது தெரியவேண்டாம் என்று சகாயராஜ் முடிவு செய்துகொண்டார். அப்படி முடிவு செய்வது அவருக்குக் கைவந்த பழக்கம்.

மறுநாள் காலை வீட்டுக்குக் கீழே இருந்த வயலில் நடவு. சும்மா உட்கார முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றார். நடவு நட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். அவருக்கு அது விசித்திரமாக இருந்தது. நம் பக்கத்தில் நாற்றுப் பறிப்பதும் வரப்பு வெட்டுவதும் ஆண்கள், நடுவது பெண்கள். நாற்பது வருஷம் விவசாயம் செய்தவர், ஒரு நாற்றைக்கூடத் தன் கையால் ஊன்றியதில்லை. ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரு நாற்று முடியை அவர் பக்கம் வீசினான். மறுத்தால் மரியாதையாக இராது என்று இறங்கினார்.

அவர் நட்ட வரிசை கோணல்மாணலாகப் போனது. ஆழம் போதாமல், நட்டதெல்லாம் பின்னாலேயே பிடுங்கிக்கொண்டு மிதந்தது. திரும்பிப் பார்த்து அவற்றைப் பொறுக்கப் போனவர், சேற்றில் கால் சிக்கி உட்கார்ந்தேவிட்டார்.

மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்சிதான். குடிசை வாசலில் கம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேசக்கூடாது என்பதெல்லாம் போயிற்று. மெல்ல இறங்கி வந்தாள், சேலையைச் செருகிக்கொண்டாள், வயலில் இறங்கிவிட்டாள். மரிசோல் பதறி எவுலோகியோவைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கல்லூரிக்குப் போன வயதில் விட்ட வேலை. முதல் நாலைந்து நாற்றுக்குக் கை தடுமாறியது. அதற்கப்புறம் விரல்கள் தாமாகவே பிரித்து ஊன்றிக்கொண்டு போயின. ஒரு வரிசை முடிப்பதற்குள் மூச்சு வாங்கி வரப்பில் வந்து உட்கார்ந்தாள். சகாயராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் குனிந்து வாய்க்காலில் கைகளைக் கழுவிக்கொண்டார்கள்.

பிறகு எல்சி, அவர் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"எங்கப்பா செத்தது எனக்கு எப்ப தெரியும்?"

அடக்கம் முடிந்த பிறகுதான் சகாயராஜ் அவளுக்கு அதைச் சொல்லியிருந்தார். லீவு கிடைக்காது, அழுதுகொண்டு அங்கே கிடப்பாளே என்றுதான்.

"ரெமி மரத்துலேருந்து விழுந்து கை உடைஞ்சது, கட்டுப் பிரிச்சப்புறம் சொன்னீங்க. உங்கம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, அவங்க நடமாட ஆரம்பிச்சப்புறம் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன். எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லுவீங்க. போனை வெச்சுட்டு, அதுல எது பொய்யின்னு விடிய விடிய யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேங்க. இருபது வருஷம் அதே வேலை. இப்ப வீட்டுலயே இருந்தாலும் அது விடமாட்டேங்குது."

குரலில் கோபம் இல்லை. நோயாளியின் கோளாறைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று தான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அவளை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று சகாயராஜுக்கு அப்போது விளங்கியது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். அது மட்டும் போதாது என்றும் தோன்றியது.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு எல்சி," என்றார். "நேத்துதான் அரசப்பன் சொன்னார். ஆத்துலயும் தண்ணி நிறுத்திட்டாங்களாம். மேல்பக்கம் குறுவை காஞ்சுபோச்சு. எவ்வளவு தேறும்னு தெரியல."

எல்சி திரும்பி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

"சரி," என்றாள். காலைக்கூடச் சரியாகக் கழுவாமல், மேலே ஏற முடியவில்லை என்று அவர் அறைக்கே போய்ப் பாயில் சாய்ந்தாள். சகாயராஜ் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்ப் பார்த்தபோது வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. செம்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பொழுது சாய்ந்தும் அவள் எழவில்லை. எவுலோகியோ கோழிகளை முற்றத்திலிருந்து விரட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து புகைபிடித்தார். பட்டை வேலை செய்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். மரிசோல் நடவு வேலையின் களைப்பு என்றாள். பின்னால் எல்சியிடம் கேட்டதற்கு, உப்பில்லாமல் சோறு போட்டால் யானைகூடப் படுத்துவிடும் என்றாள்.

மீதி நாட்களுக்கு எவுலோகியோ விதியைக் கொஞ்சம் தளர்த்தினார். கசப்பும் வாழைக்காயும் தொடர்ந்தன. ஆனால் மாலையில் புருஷனோடு உட்கார்ந்து பேசலாம் என்றாயிற்று. எல்சி குவைத்தைப் பற்றிப் பேசினாள். உடன் தங்கியிருந்த பெண்கள், வெயில், ஒரு குழந்தை கைமேலேயே இறந்துபோன அன்று வீட்டுக்குப் போன் செய்து அவரிடம் அதைச் சொல்லாமலே வைத்துவிட்டது. அவளும்தான் மறைத்திருக்கிறாள் என்று சகாயராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. சில நாள் தூங்கினாள், சில நாள் தூங்கவில்லை. கிளம்பும்போது எவுலோகியோவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தன்னை ஒருவர் வேளை தவறாமல் கவனித்துக்கொண்டது ஆஸ்பத்திரி வாழ்க்கையில்கூட நடந்ததில்லை என்று மரிசோலை அவரிடம் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

ஊருக்கு வந்து, காய்ந்ததை விட்டு மிஞ்சியதை அறுத்தார்கள். சகாயராஜ் இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. வரப்பில் எலி வளை, பங்காளி முறைத்துப் பார்த்தது, தனக்கு நெஞ்சு எரிச்சல் என்று சாப்பாட்டு வேளையில் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார். போதும், இதெல்லாம் சொல்லவேண்டாம் என்று எல்சியே தடுக்கிறாள். இரவில் அவளுக்கு இன்னும் முழுத் தூக்கம் வருவதில்லை. விழிப்பு வந்தால் அவரை எழுப்புகிறாள். அவர் உட்கார்ந்து கேட்கத்தான் செய்கிறார், பாதியிலேயே குறட்டை வந்துவிடுகிறது. அதற்கு அவள் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் பகல் சாப்பாட்டுக்குப் பின் அயர்ந்து தூங்குகிறாள். ரத்த அழுத்தம் பார்க்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் ஊரிலிருந்து ஆட்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். அந்த நேரத்தில் சகாயராஜ் வாசற்கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும், குரலைத் தாழ்த்திச் சொல்வார்:

"தூங்குறா. நாலு மணிக்கு மேல வாங்க."