கீழத்தெரு வால்வை மூடிய மூன்று நாட்கள்

1. இரண்டு லைன், ஒரு தொட்டி

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் போகும் வழியில் ஒரு டவுன் பஞ்சாயத்து. குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராக நான் முதலில் சேர்ந்தது அங்கேதான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊருக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து இரண்டு லைன் பிரியும். ஒன்று வடக்குத் தெருவுக்கு. அங்கே வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. இன்னொன்று கீழத்தெருவுக்கு. பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த அந்தத் தெரு முழுமைக்கும் ஒரே ஒரு தெருக்குழாய்.

சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றப் போனேன். குழாயின் வாயில் யாரோ துணியை இறுக்கிக் கட்டி, அடியில் ஒரு மண்சட்டியும் வைத்திருந்தார்கள்.

“நான்தான் கட்டுனேன் தம்பி. சொட்டுச் சொட்டா போவுது, பாக்கப் பொறுக்கல” என்றார் குழாயை ஒட்டிய குடிசையிலிருந்த குஞ்சம்மாள். நாற்பது வயது இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். குடம் கழுவும் தண்ணீர் தெருவில் ஓடாமல், ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் கீறி, தன் கத்தரிப் பாத்திக்குத் திருப்பியிருந்தார். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு, பாத்திரம் அலசியது வாழைக்கு. சவுக்காரத் தண்ணீரை மட்டும் செடிக்கு விடமாட்டார். புழுதி அடங்க வாசலில் தெளிப்பார். அவர் வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரு வேலையோடு முடிந்ததில்லை.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பேசுவேன். அக்கா என்று கூப்பிடுவேன்.

2. மூடு

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. கீழத்தெரு முழுக்க வடக்குத் தெரு மிராசுதாரின் நிலம். தெருக்காரர்கள் பட்டா கேட்டு மனு எழுதி, கொடி பிடித்து, தாலுகா ஆபீஸ் வரை நடந்தார்கள். குஞ்சம்மாளின் புருஷன் வீரய்யன் முன்வரிசையில் போனார். அதற்குப் பிறகு பண்ணையில் அவர்களுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது.

அந்த வருஷம் மேட்டூரும் திறக்கவில்லை. காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. எங்கள் போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஓவர்சியர் கூப்பிட்டார்.

“பெரிய வீட்டு மாடிக்குத் தண்ணி ஏறலையாம். மிராசுதாரே நேர்ல வந்து சொல்லிட்டுப் போறாரு. கீழத்தெரு வால்வை மூடிடு.”

“அவங்க என்ன சார் பண்ணுவாங்க?”

“ஆத்துல ஊத்துத் தோண்டிப்பாங்க. நாலு நாளைக்குத்தானப்பா. போ, போ.”

நான் போனேன். மூடினேன். இதைவிட நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் கடைத்தெருவில் குஞ்சம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, குழாய்ல காத்துதான் வருது. என்ன கோளாறு?”

“மோட்டார் ரிப்பேர் அக்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“மவ புள்ள பெத்து வந்திருக்கா. பச்சப் புள்ளத் துணி அலசக்கூடத் தண்ணி இல்ல. சரி, மோட்டார் கெட்டதுக்கு நீ என்ன பண்ணுவ. சீக்கிரம் பாரு தம்பி.”

என் பொய்யை நம்பி எனக்காகப் பரிந்தும் பேசிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், ஆற்றில் ஊற்றுக்குழி சரிந்துவிட்டது என்று சத்தம் கேட்டு ஓடினேன். தெருவே அந்த ஒரு குழியில் மொண்டதால் அது நாளுக்கு நாள் ஆழமாகி, ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. குஞ்சம்மாள் உள்ளே இறங்கிக் கொட்டாங்கச்சியால் மொண்டுகொண்டிருக்கும்போது ஒரு பக்கத்து மணல் அப்படியே விழுந்திருக்கிறது. வீரய்யனும் இன்னும் சிலரும் கையாலேயே தோண்டினார்கள். நானும் தோண்டினேன். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கரையில் அவருடைய குடம் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

3. கொல்லைத் தொட்டி

அன்று மத்தியானம், யாரும் சொல்லாமல் நானாகவே பெரிய வீட்டுக்குப் போனேன். வால்வை மூடச் சொன்ன அன்றே போயிருக்க வேண்டும். கீழத்தெருவை மூடிய பிறகும் மாடிக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொல்லையில் தரைமட்டத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மாடிக்கு ஏறும் குழாயிலிருந்தே அதற்கும் ஒரு கிளை. உள்ளே ஃப்ளோட் வால்வின் பந்து ஓட்டை விழுந்து, தண்ணீர் புகுந்து, அடியில் தொங்கியது. பந்து மிதந்தால்தான் வால்வு அடைபடும். அதனால் வந்த தண்ணீரெல்லாம் தொட்டி நிரம்பி வழிந்து, பின்னால் தென்னந்தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தடியெல்லாம் சேறு. பாசி பிடித்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் அப்படிப் பாசி பிடிக்காது.

மிராசுதார் வந்து நின்றார்.

“என்னய்யா பாக்குறே?”

“இங்க வழியுறதாலதாங்க மாடிக்கு ஏறல. எவ்வளவு நாளா இப்படிப் போவுதுங்க?”

“தென்னைக்குத்தானே போவுது? வீணாவா போவுது?”

அவர் தெரிந்தே செய்தாரா, தெரியாமலா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆற்றில் நடந்ததை நான் சொன்னதும் உள்ளே போய்விட்டார்.

புதுப் பந்து மாட்டினேன். அரைமணி நேரம் பிடித்தது. மாடிக் குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்தது. நேரே போய்க் கீழத்தெரு வால்வைத் திறந்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் மாடியில் வேகம் குறையவில்லை. இரண்டு தெருவுக்கும் போதுமான தண்ணீர் அத்தனை நாளும் இருந்திருக்கிறது.

கீழத்தெருவில் குழாயை யாரோ திறந்தபடி விட்டிருந்தார்கள். தண்ணீர் கொட்டியது. குஞ்சம்மாளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். குடம் எடுத்துக்கொண்டு ஒருவரும் வரவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.

வீரய்யன் எழுந்து வந்தார்.

“மோட்டார் சரியாயிடுச்சா?”

“மோட்டார் கெடவே இல்லண்ணே. வால்வை நான்தான் மூடுனேன். மூடச் சொன்னாங்க.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவள குளிப்பாட்டணும்” என்றார். “நாலு கொடம் புடிச்சுக் குடு.”

பிடித்துக் கொடுத்தேன்.

4. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

கேட்காமல் திறந்ததற்கு ஓவர்சியர் கத்தினார். ஒரு மாதத்தில் என்னைக் கோடியக்கரைப் பக்கம் மாற்றினார்கள். கீழத்தெருவுக்குப் பட்டா கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வீரய்யன் பெயருக்கும் வந்திருந்ததாம்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, தண்ணீர் போதவில்லை என்று புகார் வந்தால் நான் வால்வைத் தொட்டதில்லை. முதலில் தண்ணீர் நிறைய வருகிற வீடுகளுக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பேன். அநேகமாக அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்களும் இதைச் செய்யலாம். எல்லாக் குழாயையும், தொட்டிக்கு வரும் லைனையும் மூடிவிட்டு, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. லைனைத் திறந்த பிறகு நிரம்பியும் நிற்காமல் வழிந்தால் பந்து போய்விட்டது. செடிக்குத்தானே போகிறது என்று விடாதீர்கள். அது யார் குடத்துக்கு வர வேண்டிய தண்ணீர் என்று உங்கள் தோட்டத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

குஞ்சம்மாள் இறந்ததைப் பற்றிப் போலீஸ் எழுதியதில், மணல் சரிந்து மரணம் என்று இருக்கும். அது பொய் இல்லை. வால்வை மூடியது எந்தக் காகிதத்திலும் இல்லை. மூடியவன் நான். இந்த ஒரு இடத்திலாவது அது எழுத்தில் இருக்கட்டும்.