குளியலறையில் ஆறு செடிகள்

எண்பத்தாறாம் ஆண்டு மாரிகாலத்தில், ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில், ஒரு நோயாளிப் பெண் நாலு வாய் சாப்பிடுவதற்கு இருந்த ஒரே வழியை இந்தப் பத்து விரல்களால் நான் ஒடித்துப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். இன்றைக்கும் எனக்கு அதுதான் எரிச்சல். கெட்டவன் செய்த கெடுதலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். கெட்டிக்காரன் செய்த கெடுதலுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அகதிகள் விடுதியான ஹைமில் ஓர் அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்த என்னை, ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியார் ஒரு ஜெர்மன் விதவை அம்மாவிடம் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் யாரும் பாவிக்காத பழைய குளியலறை ஒன்று இருந்தது.

அந்த அம்மாவைப் போல ஒழுங்கானவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சமையலறையில் உப்புப் போத்தலுக்கு உப்பு என்றும், சீனிப் போத்தலுக்குச் சீனி என்றும் ஒட்டி வைத்திருப்பார். வீதியில் ஒரு சைக்கிள்கூட வராது, பனி கொட்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் நிற்பார். ஒருநாள் நான் நடுவீதி வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா அங்கேயே நிற்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அரசாங்கக் கந்தோர்களில் என்னைவிட இளசுகள் எல்லாம் என்னை 'நீ' என்று கூப்பிடும்போது, அவர் ஒருவர்தான் முதல் நாளிலிருந்தே 'நீங்கள்' என்றார். என் கடுதாசியில் பிறந்த திகதியைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று சொன்னதும், தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்து, அந்த அதிகாரி திருத்தும்வரை மேசைக்கு முன்னால் அசையாமல் நின்றார். சத்தம் போடவில்லை. சும்மா நின்றார். அந்த நிற்பைப் பார்த்து எனக்கே பயம் பிடித்தது.

அவருக்கு வேறு ஊரில் ஒரு தங்கை. வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து நோயைப் பிடிக்கிறதோ இல்லையோ, உண்டதையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு கரண்டி சூப்பும் நிற்காது. தங்கையோடு டெலிபோனில் பேசும்போதெல்லாம் அம்மா கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" பதில் வந்ததும் வைத்துவிடுவார்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அம்மா அந்தப் பழைய குளியலறைக்குள் ஆறு மண்சட்டி, ஒரு மூட்டை மண், நீட்டு விளக்குகள் எல்லாம் ஏற்றினார். ஜன்னலுக்குக் கடுதாசி ஒட்டினார். அவர் வாழ்நாளில் ஒரு செடி வளர்த்தவர் இல்லை. கீழே ஜன்னலில் இருந்த கள்ளிச்செடியே அவர் கையில் செத்துப்போயிருந்தது. ஆனாலும் விட்டாரா? ஒரு புத்தகத்தை வைத்துப் படித்தார். ஒவ்வொரு காலையும் அடிமட்டத்தால் ஒவ்வொரு செடியையும் அளந்து கொப்பியில் எழுதினார். நட்டால் தலை கருகும் என்றிருந்த அந்தக் கைகளில் ஆறும் நிமிர்ந்து வந்தன. இது என்ன செடி என்று கேட்டேன். "மெடிட்சின்," என்றார். கழுத்து வரை சிவந்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

மருந்துச் செடி என்றால் இலைதான் மருந்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

நான் புகையிலைத் தோட்டக்காரன். புகையிலைக் கன்றுக்குப் பூக்க ஆசை. தோட்டக்காரன் பூக்க விடமாட்டான். பூந்தலை எட்டிப் பார்த்ததும் முறித்துவிட வேண்டும். தலையை முறித்தால் அது சும்மா இருக்காது, ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் பக்கக் குருத்து விடும். அதையும் கிள்ள வேண்டும். அப்போதுதான் செடியின் பலமெல்லாம் இலைக்குப் போய், இலை ஆனைக்காது மாதிரி விரியும். பத்து வருடம் இதைச் செய்தவனுடைய விரல், கையைக் கட்டிப்போட்டாலும் தானாகக் கிள்ளும்.

மார்கழியில் அம்மா பத்து நாள் தங்கையோடு ஆஸ்பத்திரியில் நிற்கப் போனார். குளியலறைக் கதவில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது: "தண்ணீர் மட்டும்." அதற்குக் கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு.

முதல் மூன்று நாள் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். நாலாம் நாள் பார்த்தால் ஆறு செடிக்கும் தலையில் கொத்துக் கொத்தாகப் பூ வைத்திருக்கிறது. பக்கமெல்லாம் குருத்து. எனக்கு வயிறு எரிந்தது. பாவம், புத்தகம் பார்த்து வளர்க்கிற மனிசி, இதெல்லாம் தெரியுமா? இப்படியே விட்டால் இலை தேறாது, தங்கைக்கு மருந்து எங்கே? சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கினேன். ஒரு செடியில் ஒரு பூ மிச்சமில்லை. ஊரில் கூலிக்கு நின்றபோதுகூட அவ்வளவு சுத்தமாக முறித்திருக்க மாட்டேன். கையெல்லாம் பிசின். முறித்ததை ஒரு பேப்பரில் குவித்து வைத்துவிட்டு, அம்மா வந்து பார்த்தால் எப்படி மகிழ்ந்துபோவார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஹைமிலிருந்து ஓர் அண்ணை என்னைப் பார்க்க வந்தார். மன்னார் ஆள், கப்பலில் வேலை செய்தவர். படி ஏறும்போதே மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா இது மணம்?"

"மருந்துச் செடி அண்ணை. வீட்டுக்கார அம்மான்ர. வந்து பாருங்கோ, எப்பிடி முறிச்சிருக்கிறன் எண்டு."

குவியலிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார். அப்படியே குளியல் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டார்.

"விசரா. இது கஞ்சாவடா."

"சும்மா விடுங்கோ அண்ணை. அந்த மனிசி சிவப்பு லைற்றுக்கே நிக்கிறவ."

"நான் போகாத துறைமுகம் இல்லை, எனக்கோ சொல்லுறாய்? பொலிஸ் வந்தால் அவவையோ பிடிப்பாங்கள்? உன்ர கறுத்த மூஞ்சையைத்தான் பிடிப்பாங்கள். தை மாசம் விசாரணைக்கு நாள் குறிச்சு டெர்மீன் வைச்சிருக்கிறாய். இதோட உன்ர அகதி விண்ணப்பமும் முடிஞ்சுது, நீயும் முடிஞ்சாய். முதல்ல இதுகளைப் பிடுங்கி எறி!"

நிற்கிற செடியைப் பிடுங்க மட்டும் கை வரவில்லை. குவியலை ஒரு பையில் திணித்துக்கொண்டு ஓடிப்போய், தொங்கு ரயில் தலைக்கு மேலே போகிற ஒரு பாலத்திலிருந்து ஆற்றில் வீசினேன். "ஹலோ!" என்று பின்னால் ஒரு குரல். முடிந்தது கதை என்று கண்ணை மூடினேன். நாயோடு நின்ற ஒரு கிழவர், குப்பையை ஆற்றில் போடக்கூடாது என்று எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினேன்.

அம்மா திரும்பி வந்த அன்று, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே மேலே ஏறினார். நான் என் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை ஜெர்மன் மொழியில் பாடமாக்கி வைத்திருந்தேன்.

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வந்து என் அறை வாசலில் நின்றார்.

"பூக்கள் எங்கே?"

"ஆற்றில்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மெல்ல மெல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி காதோடு காதாகச் சொன்னாராம், இந்தப் பூவின் புகை சிலருக்கு வாந்தியை நிறுத்துகிறது என்று. சட்டப்படி எங்கும் வாங்க முடியாது. தெருவில் யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அதனால் வளர்த்தார். "தடை செய்யப்பட்டது. தெரியும்," என்றார். பூவில்தான் மருந்து, இலையில் இல்லை.

பாடமாக்கிய கேள்வியெல்லாம் வீணாய்ப் போனது. ஒரு பெண்ணின் சோற்றை அல்லவா பாலத்திலிருந்து எறிந்திருக்கிறேன்! திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும்.

அவர் என் பையைப் பார்த்தார். "நீங்கள் போவதுதான் சரி," என்றார். "பொலிஸ் வந்தால் எனக்கு அபராதம் போடுவார்கள். உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் உங்களுக்குச் சொல்லாமல் இதைச் செய்தது பெரிய பிழை. என்னை மன்னியுங்கள். பங்குத் தந்தையிடம் வேறு அறை கேட்கிறேன்."

நான் கடந்துவந்த நாடுகளில் எத்தனையோ பேர் என் கடுதாசியைக் கிழித்திருக்கிறார்கள், என்னைச் சுவரோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. நான் நட்டப்படுத்திய மனிசி என்னிடம் கேட்டார். அதுவும் தன் தங்கையின் பசியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் பையை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

"வரும்," என்றேன். "தலை முறித்தால் பக்கத்தால் வரும். நான் வளர்க்கிறேன்."

அண்ணைக்கு விசயம் தெரிந்ததும், "உனக்கு மூளை கழண்டு போச்சு," என்று இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. பயம் எனக்கும் இருந்தது. கீழே மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் குளியலறை விளக்குகளை அணைத்துவிடுவேன். விசாரணைக்கு முதல்நாள் ஒரு முழு எலுமிச்சம்பழத்தை விரல்களில் தேய்த்தும் பிசின் கறை போகவில்லை. ஊரில் என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். புகையிலை என்றேன். என் விரல்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

ஆறு செடியும் குருத்து விட்டன. கிள்ளாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன். அம்மா புத்தகத்தை வாசிப்பார், நான் செடியை வாசிப்பேன், இருவரும் சண்டை பிடிப்போம். அவர் வாசித்ததை நான் நம்பமாட்டேன். நான் சொன்னதை அவர் அடிமட்டத்தால் அளந்து பார்த்தபிறகே நம்புவார். பல தடவை அவர்தான் சரி. அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகச் செடி வளர்க்கிற ஒருவர், பத்து வருடத் தோட்டக்காரனைத் தோற்கடித்தால் பொறாமை வராதா? வந்தது. அதைவிட மரியாதையும் வந்தது.

தை பிறந்து இரண்டாம் கிழமை அம்மா தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பூ இன்னும் பிஞ்சு. அந்தப் பெண் சால்வைக்குள் ஒரு சிறுபிள்ளை அளவுக்குத்தான் இருந்தார். காலையில் இரண்டு கரண்டி சூப். கொஞ்ச நேரத்தில் கீழே வாந்தி எடுக்கும் சத்தம், பிறகு குழாய் திறக்கும் சத்தம். மத்தியானம் இரண்டு கரண்டி; திரும்பவும் குழாய். நான் மேலே செடிகளுக்கு முன்னால் இருந்து, கெதியாக வா, கெதியாக வா என்று தமிழில் ஏசினேன். மாதாவிடமும் கேட்டேன். இதைக் கேட்கலாமா என்று தெரியாமலே கேட்டேன்.

ஒருநாள் பின்னேரம் அம்மா, "இப்போது," என்றார். காய்ந்த முதல் பூவோடு சமையலறைக்கு இறங்கினோம். சுற்றத் தெரியாமல் அவர் மூன்று தாளைக் கிழித்தார். நான் வாங்கிச் சுற்றினேன். ஊரில் சுருட்டுச் சுற்றிய கை இது ஒன்றுக்காவது உதவட்டும். தங்கை இரண்டு முறை இழுத்து, கண்ணில் நீர் வர இருமினார். பிறகு மூன்று பேரும் காத்திருந்தோம். அம்மா குறுக்கெழுத்து நிரப்புவதுபோல் பாவனை செய்தார். பேனை ஓர் எழுத்தும் எழுதவில்லை.

"வீட்டில் உருளைக்கிழங்கு இருக்கிறதா?" என்று தங்கை கேட்டார்.

அம்மா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அவித்து, தோல் உரித்து, வெண்ணெய் வைத்துக் கொடுத்தார். தங்கை முள்ளுக்கரண்டியால் ஒரு மூலையைப் பிட்டார். விழுங்கினார். நாங்கள் இருவரும் நாகரிகத்தை மறந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு துண்டு. இன்னொன்று. ஒரு கிழங்கு முடிந்தது. குழாய் திறக்கவில்லை.

தட்டைத் துடைத்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் சாப்பாட்டை ஆற்றில் எறிந்த ஆள் நீங்கள்தானா?"

எனக்கு ஜெர்மன் மறந்து போனது. "ஓம்," என்றேன்.

"அப்படியென்றால் அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள். இரண்டாவது கிழங்குக்கு உப்பு வேண்டும்."

இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த கிழங்கை உரிக்கத் தொடங்கினார். உரித்து முடித்த பிறகும் வெகுநேரம் திரும்பவில்லை.